கெடு இரு தரப்புக்கும் உண்டு: சுங்க முகவர் உரிம நிறுத்தம் குறித்த நூம்பல் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: மத்திய நிதியமைச்சர், மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியத்தின் தலைவர், சென்னைச் சுங்க இல்லத்தின் முதன்மை ஆணையர்களும் ஆணையர்களும், சுங்கம், கலால், சேவை வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் தலைவர், தமிழ்நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்கள்.

விடுப்பவர்கள்: நூம்பல், வேலப்பன்சாவடி, வானகரம், அயனம்பாக்கம், திருவேற்காடு வட்டாரத்தில் குடியிருக்கும் சுங்க முகவர்கள், அவர்களிடம் எஃப் கார்டு, ஜி கார்டு, எச் கார்டு என்னும் சுங்க அடையாள அட்டைகளோடு வேலை பார்க்கும் ஊழியர்கள், எங்களை நம்பிச் சரக்கு அனுப்பும் சிறுதொழில் நடத்துவோர்.

நூம்பலில் துறைமுகம் கிடையாது. ஆனால் துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் வீடுகள் இங்கே உண்டு. வடக்கே அம்பத்தூர் தொழிற்பேட்டை, மேற்கே திருமழிசை, அதற்கும் அப்பால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர். அங்கே வார்த்து, கடைந்து, பெட்டியில் அடைக்கும் சரக்கு பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் மதுரவாயல் பைபாஸிலும் ஏறி, சென்னைத் துறைமுகத்துக்கும் எண்ணூருக்கும் காட்டுப்பள்ளிக்கும் மீனம்பாக்கம் ஏர் கார்கோவுக்கும் போகிறது. லாரிக்கு முன்னால் காகிதம் போக வேண்டும். ஷிப்பிங் பில், பில் ஆஃப் என்ட்ரி, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்து, வரி கட்டவைத்து, சரக்கைச் சோதனைக்குக் காட்டி, அதிகாரியின் அனுமதி வாங்கித் தருவது எங்கள் வேலை. 2013-ல் சட்டம் எங்கள் பெயரை ‘கஸ்டம்ஸ் புரோக்கர்’ என்று மாற்றியது. யார்டில் இன்றைக்கும் நாங்கள் பழைய பெயரில் சி.எச்.ஏ.தான் (கஸ்டம்ஸ் ஹவுஸ் ஏஜென்ட்).

இந்த வேலைக்கு வருவது எளிதல்ல. எழுத்துத் தேர்வு, நேர்முகத் தேர்வு இரண்டிலும் தேற வேண்டும். 5 லட்ச ரூபாய் பிணைத்தொகை கட்ட வேண்டும். அதன்பின் 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 146-ஆம் பிரிவின் கீழ் உரிமம் கிடைக்கும். வருடக்கணக்கில் உழைத்துப் பெற்ற அந்த உரிமத்தை, முன்னறிவிப்பு ஏதும் இல்லாமல், ஒரே உத்தரவில் ஒரு ஆணையர் நிறுத்திவைக்கலாம். 2018-ஆம் ஆண்டின் சுங்கத் தரகர் உரிம விதிகளில் 16-ஆம் விதி அந்த அதிகாரத்தைத் தருகிறது. அந்த அதிகாரமே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. அது எந்தக் கெடுவுக்குள், எந்தக் காரணத்துக்காக, எவ்வளவு தூரம் பயன்பட வேண்டும் என்று விதியே சொல்லியிருக்கிறது. எங்களிடம் நாள் கணக்குப் பார்க்கும் துறை, தனக்கு விதித்த நாள் கணக்கையும் மதிக்க வேண்டும். இந்தச் சாசனம் கேட்பது அதைத்தான்.

உத்தரவு வரும் நாள்

ஆறு பேர் வேலை செய்யும் ஒரு சிறிய அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். காலையில் சுங்கத் துறையின் ஐஸ்கேட் இணையதளத்தில் பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்ய உட்கார்ந்த பையனுக்குத் திரை நகரவில்லை. உரிமம் நிறுத்தப்பட்டிருப்பது அப்போதுதான் தெரிகிறது. ஏற்கெனவே தாக்கலான மூன்று கன்டெய்னர்கள் மணலியில் சி.எஃப்.எஸ். (கன்டெய்னர் சரக்கு நிலைய) யார்டில் நிற்கின்றன. ஒன்றுக்குச் சோதனை முடிந்து அவுட் ஆஃப் சார்ஜ் என்னும் விடுவிப்பு உத்தரவு மட்டும்தான் பாக்கி. இலவச நாட்கள் முடிந்ததும் யார்டுக்காரர் டெமரேஜ் போடுவார். கப்பல் கம்பெனி கன்டெய்னருக்கு டிடென்ஷன் போடும். மத்தியானத்துக்குள் முதல் வாடிக்கையாளர் போன் செய்வார்: “ஃபைலைக் கொடுத்துடுங்க சார், வேற ஆளை வச்சு எடுத்துக்கறோம்.” அவரைக் குறை சொல்ல முடியாது. அவருடைய தொழிற்சாலையில் மூலப்பொருள் இல்லாமல் மெஷின் நிற்கும். ஆனால் போன வாடிக்கையாளர் பெரும்பாலும் திரும்ப வருவதில்லை. ஆறு மாதம் கழித்துத் தீர்ப்பாயம் நிறுத்தத்தை ரத்து செய்தால் உரிமம் திரும்பி வரும், தொழில் திரும்பி வராது.

ஜி கார்டு ஊழியரின் நிலை இன்னும் மோசம். அவர் தேர்வு எழுதித்தான் அந்தக் கார்டை வாங்கினார். ஆனால் அது முதலாளியின் உரிமத்தோடு கட்டப்பட்டது. உரிமம் நின்றால் கழுத்தில் தொங்கும் கார்டு வெறும் பிளாஸ்டிக். அவர் மேல் யாரும் குற்றம் சாட்டவில்லை, அவரிடம் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சம்பளம் மட்டும் அந்த மாதத்தோடு நின்றுபோகிறது.

இதே நிலை ஒரு அரசு அதிகாரிக்கு வந்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். பணியிடை நீக்கத்தில் இருக்கும் மத்திய அரசு ஊழியருக்கு அடிப்படை விதி 53-ன் கீழ் பிழைப்பூதியம் உண்டு. தொடக்கத்தில் அரைச் சம்பள விடுப்பு ஊதியத்துக்கு இணையான தொகை. 3 மாதம் கடந்தும் தாமதம் அவர் தரப்பில் இல்லை என்றால் அதை உயர்த்தவும் வழி உண்டு. 90 நாட்களுக்குள் அவருடைய நீக்கத்தை மறுஆய்வு செய்தாக வேண்டும். 2015-ல் அஜய் குமார் சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம், குற்றச்சாட்டுக் குறிப்பாணை தராமல் 3 மாதத்துக்கு மேல் பணியிடை நீக்கத்தை நீட்டிக்கக் கூடாது என்றது. நியாயமான தீர்ப்பு. அந்த நியாயத்தில் பாதியாவது, மாதச் சம்பளமோ பிழைப்பூதியமோ இல்லாத சுங்க முகவருக்கும் அவருடைய ஊழியருக்கும் வேண்டாமா?

விதி என்ன சொல்கிறது

16-ஆம் விதியை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். விசாரணை நிலுவையில் இருக்கிறது அல்லது நடத்த உத்தேசம் இருக்கிறது என்பது மட்டும் போதாது. ‘உடனடி நடவடிக்கை தேவைப்படும் தகுந்த நேர்வுகளில்’ மட்டுமே நிறுத்தலாம். நிறுத்திய நாளிலிருந்து 15 நாட்களுக்குள் முகவரை அழைத்துக் கேட்க வேண்டும். கேட்ட நாளிலிருந்து 15 நாட்களுக்குள் நிறுத்தத்தை விலக்குவதா, தொடர்வதா என்று உத்தரவிட வேண்டும். மார்ச் 1-ல் உரிமம் நிறுத்தப்பட்டால் மார்ச் 16-க்குள் விசாரணை, மார்ச் 31-க்குள் முடிவு.

தொடர்வது என்று முடிவானால் 17-ஆம் விதி தொடங்குகிறது. குற்ற அறிக்கை கிடைத்த 90 நாட்களுக்குள் நோட்டீஸ். நோட்டீஸ் கொடுத்த 90 நாட்களுக்குள் விசாரணை அதிகாரியின் அறிக்கை. அறிக்கை சமர்ப்பித்த 90 நாட்களுக்குள் ஆணையரின் இறுதி உத்தரவு. மொத்தம் 270 நாட்கள்.

இந்தக் கெடு வானத்திலிருந்து விழவில்லை. 2010 ஏப்ரல் 8-ஆம் தேதி வாரியமே வெளியிட்ட 9/2010 சுற்றறிக்கையில், நிறுத்த நடவடிக்கைகளுக்குக் கால வரம்பு இல்லாததால் விசாரணைகள் நீண்டுகொண்டே போகின்றன என்று ஒப்புக்கொண்டு, 9 மாத வரம்பை வைத்தார்கள். நிறுத்தியபின் முகவரைக் கட்டாயம் கேட்க வேண்டும் என்பதும் அந்தச் சுற்றறிக்கையில்தான் உறுதியானது. அந்த வகையில் அது நல்ல சுற்றறிக்கை. அதை எழுதியவர்களுக்கு எங்கள் சிரமம் தெரிந்திருக்கிறது.

அப்புறம் என்ன ஆயிற்று? நோட்டீஸ் 90 நாளைத் தாண்டியது. அறிக்கை தாண்டியது. முகவர்கள் நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2014-ல் ஏ.எம். அகமது அண்டு கோ வழக்கிலும், 2016-ல் மாஸ்டர்ஸ்ட்ரோக் ஃபிரைட் ஃபார்வர்டர்ஸ் வழக்கிலும், 2017-ல் தூத்துக்குடி சுங்க ஆணையருக்கு எதிரான சான்டன் ஷிப்பிங் சர்வீசஸ் வழக்கிலும் ஒரே பாதையில் நின்றது: இந்தக் கெடு கட்டாயமானது, மீறினால் நடவடிக்கை நிற்காது. டெல்லி உயர் நீதிமன்றமும் பல வழக்குகளில் இப்படியே சொன்னது. ஆனால் 2018-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் யூனிசன் கிளியரிங் வழக்கில், இந்தக் கெடு வழிகாட்டுவது மட்டுமே, தாமதத்துக்குக் காரணம் காட்டினால் போதும் என்றது. 2019-ல் தெலங்கானா உயர் நீதிமன்றமும் சாஸ்தா ஃபிரைட் வழக்கில் அந்தப் பக்கம் சாய்ந்தது.

ஒரே விதி, நாடு முழுக்கச் செல்லும் ஒரே உரிமம். சென்னையில் 91-ஆம் நாள் செல்லாமல் போகும் நோட்டீஸ் மும்பையில் செல்லும். இந்தக் குழப்பத்தை நீதிமன்றங்கள் தீர்க்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. விதியை எழுதிய வாரியம் ஒரு வரி சேர்த்தால் முடிந்துவிடும்.

எங்களில் குற்றவாளிகளும் உண்டு

இதைச் சொல்லாமல் கோரிக்கை வைத்தால் அது நேர்மையாகாது. உரிமத்தை மாத வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். முகம் தெரியாத ஆளின் சரக்குக்குக் கையெழுத்து மட்டும் போட்டுக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். செம்மரத்தை வேறு சரக்கின் பெயரில் ஏற்றத் தெரிந்தே துணைபோனவர் யாராக இருந்தாலும் அவருக்கு உரிமம் இருக்கக் கூடாது. அப்படிப்பட்டவரின் உரிமத்தை அன்றைக்கே நிறுத்துங்கள். நாங்கள் குறுக்கே நிற்க மாட்டோம். 2016-ல் கே.எம். கணாத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் முகவரின் பொறுப்பு எவ்வளவு பெரியது என்று அழுத்திச் சொன்னது. அதை ஏற்கிறோம். அரசும் வணிகரும் ஒரே நேரத்தில் எங்களை நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை விற்பவன் எங்கள் சக ஊழியன் அல்ல.

ஆனால் ஏமாற்றியவனையும் ஏமாந்தவனையும் ஒரே உத்தரவில் அடைப்பது நீதியாகாது. எங்கள் கோரிக்கைகளின் எல்லை இது.

கோரிக்கைகள்

1. கெடு தவறினால் நிறுத்தம் தானாக விலக வேண்டும்.

16, 17 விதிகளில் கெடு மட்டும் இருக்கிறது. கெடு தவறினால் என்ன ஆகும் என்பது இல்லை. 15 நாட்களுக்குள் முகவரைக் கேட்காவிட்டாலோ, அடுத்த 15 நாட்களுக்குள் உத்தரவு வராவிட்டாலோ, 90 நாட்களுக்குள் நோட்டீஸ் வராவிட்டாலோ, மறுநாள் காலை உரிமம் உயிர்பெற வேண்டும். அதற்கு முகவர் மனு போட வேண்டியதில்லை, யாரையும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. ஐஸ்கேட் அமைப்பிலேயே அந்தத் தேதியைப் பதித்து வையுங்கள். குற்றம் சாட்டப்பட்டுக் கைதானவருக்கே 60 அல்லது 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் பிணை உரிமை பிறக்கிறது. காகித வேலை செய்கிறவனுக்கு அதற்குக் குறைந்த பாதுகாப்பு இருக்கக் கூடாது.

இதோடு ஒட்டிய இன்னொரு ஓட்டையையும் அடைக்க வேண்டும். 90 நாள் எண்ணிக்கை குற்ற அறிக்கை ‘கிடைத்த’ நாளிலிருந்து தொடங்குகிறது. புலனாய்வுப் பிரிவு ஒன்று, உரிமம் தரும் ஆணையரகம் வேறொன்று. ஒரு பிரிவு எழுதிய கடிதம் அடுத்த பிரிவுக்கு எந்தத் தேதியில் போய்ச் சேர்ந்தது என்பது கோப்புக்குள் இருக்கும் ரகசியம். முகவருக்குத் தெரியாது. ஆகவே உரிமத்தை நிறுத்தும் உத்தரவிலேயே குற்ற அறிக்கையின் தேதியும் அது கிடைத்த தேதியும் அச்சாக வேண்டும். குற்ற அறிக்கை இல்லாமலே நிறுத்தினால், நிறுத்திய நாளே 90 நாளின் முதல் நாள் என்று விதியில் எழுத வேண்டும்.

2. ‘உடனடி’ என்பதற்குக் காரணம் எழுத வேண்டும்.

‘உடனடி நடவடிக்கை தேவைப்படுகிறது என்று கருதுகிறேன்’ என்று விதியின் வாசகத்தையே திருப்பி எழுதுவது காரணமாகாது. இரண்டு வருடத்துக்கு முன் போன சரக்குக்காக இன்றைக்கு நிறுத்தினால், இடையில் அதே முகவர் தாக்கல் செய்த ஷிப்பிங் பில்களை இதே துறை ஏற்றுக்கொண்டே இருந்தது. அப்போது வராத அவசரம் இப்போது எங்கிருந்து வந்தது? இந்த முகவர் நாளைக்கும் வேலை செய்தால் எந்தத் தீங்கு, எந்தச் சரக்கில், எப்படி நேரும் என்று உத்தரவு சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் நிறுத்தாமல் 17-ஆம் விதியின்படி விசாரியுங்கள். குற்றம் நிரூபணமானால் ரத்து செய்ய வழி இருக்கவே இருக்கிறது.

உலகத்தில் எல்லா இடத்திலும் முதலில் அடைத்துவிட்டுப் பிறகு கேட்பதில்லை. அமெரிக்காவில் 1930-ஆம் ஆண்டின் டாரிஃப் சட்டம் 641-ஆம் பிரிவின்படி, சுங்கத் தரகரின் உரிமத்தை நிறுத்தவோ ரத்து செய்யவோ முதலில் காரணங்களோடு நோட்டீஸ் தர வேண்டும். அவர் எதிர்த்தால் நிர்வாகச் சட்ட நீதிபதி முன் விசாரணை நடக்கும். அதன் பிறகுதான் முடிவு. முடிவு எதிராக வந்தால் 60 நாட்களுக்குள் பன்னாட்டு வணிக நீதிமன்றத்துக்குப் போகலாம். உலகத்திலேயே பெரிய இறக்குமதிச் சந்தைகளில் ஒன்றை அந்த நாடு இப்படித்தான் நடத்துகிறது.

3. முழுக் கடையையும் அடைக்காதீர்கள்.

குறிப்பிட்ட சுங்க நிலையங்களுக்கு மட்டும் நிறுத்த 16-ஆம் விதியே இடம் தருகிறது. விதிமீறலுக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் விதிகளில் இடம் இருக்கிறது. ஏர் கார்கோவில் எழுந்த புகாருக்குத் துறைமுக வேலையையும் காட்டுப்பள்ளி வேலையையும் ஏன் நிறுத்த வேண்டும்? பகுதி நிறுத்தமும் அபராதமும் ஏன் போதாது என்று எழுதாமல் முழு நிறுத்தம் கூடாது. 2014-ல் ஆஷியானா கார்கோ வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் குற்றத்துக்கும் தண்டனைக்கும் பொருத்தம் வேண்டும் என்றது. அது இறுதி உத்தரவுக்கு மட்டுமல்ல, முதல் நாள் உத்தரவுக்கும் பொருந்த வேண்டும்.

உத்தரவு வருவதற்கு முன்பே தாக்கலான சரக்குகளை அதே முகவர் முடித்துக்கொடுக்க அனுமதிக்க வேண்டும். யார்டில் நிற்கும் கன்டெய்னருக்கு ஏறும் டெமரேஜ் புகாரில் சம்பந்தமே இல்லாத வணிகரின் தலையில் விழுகிறது. அம்பத்தூரில் பத்துப் பேரை வைத்து லேத் ஓட்டுகிற சிறு முதலாளிக்கு ஒரு கன்டெய்னர் டெமரேஜ் என்பது அந்த மாத லாபம்.

4. முகவரி சரிபார்ப்புக்கு எல்லை வகுக்க வேண்டும்.

எங்களை நெருக்கும் பிரிவுகளில் முதன்மையானது 10-ஆம் விதியின் ‘என்’ உட்பிரிவு. வாடிக்கையாளரின் ஏற்றுமதி–இறக்குமதிக் குறியீட்டு எண், ஜி.எஸ்.டி. எண், அடையாளம், அவர் சொன்ன முகவரியில் இயங்குகிறாரா என்பது எல்லாவற்றையும் நம்பகமான, சுதந்திரமான ஆவணங்கள் அல்லது தகவல்களைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்கிறது அது. அதைச் செய்கிறோம். ஆறு மாதம் கழித்து அதிகாரிகள் அந்த முகவரிக்குப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தால், அதற்காக எங்கள் உரிமம் நிற்கிறது. அந்த எண்ணைக் கொடுத்தது யார்? அரசு. அந்த முகவரியை ஏற்றுப் பதிந்தது யார்? அரசு. ‘ஆபத்தான ஏற்றுமதியாளர்’ என்று துறையின் கணினிப் பகுப்பாய்வுப் பிரிவு பட்டியல் போட்ட பிறகு டெல்லியில் பல முகவர்களின் உரிமங்களுக்கு எதிராக நடவடிக்கை பாய்ந்தது. 2022-ல் மௌலி வேர்ல்டுவைடு லாஜிஸ்டிக்ஸ் வழக்கில் டெல்லித் தீர்ப்பாயம் தெளிவாகச் சொன்னது: அரசு கொடுத்த ஆவணங்களைச் சரிபார்த்தால் போதும், முகவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. 2017-ல் குணால் டிராவல்ஸ் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றமும், வியாபாரத்தின் உண்மைத்தன்மையை எடைபோடும் இன்ஸ்பெக்டர் அல்ல முகவர் என்றது.

இப்போது வரி மதிப்பீடே முகம் பார்க்காமல் நடக்கிறது. 2020 ஜூனில் முகமற்ற மதிப்பீடு முதலில் தொடங்கிய இடங்கள் பெங்களூருவும் சென்னையும்தான். எங்கள் பில்லை மதிப்பிடும் அதிகாரி எந்த ஊரில் இருக்கிறார் என்பதே எங்களுக்குத் தெரியாது. அரசு திரையைப் பார்த்து முடிவெடுக்கலாம், முகவர் மட்டும் ஊர் ஊராகப் போய்க் கதவைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்பது எந்த வகை நியாயம்? எந்தெந்த ஆவணத்தைப் பார்த்தால் சரிபார்ப்பு முடிந்தது என்று வாரியம் பட்டியல் தரட்டும். அந்த ஆவணங்களை வைத்திருக்கும் முகவர் மேல் ‘என்’ உட்பிரிவின்படி நடவடிக்கை கூடாது.

5. கார்டு ஊழியர்களைக் காப்பாற்ற வேண்டும்.

குற்றச்சாட்டில் பெயர் இல்லாத ஜி கார்டு, எச் கார்டு ஊழியருக்கு, நிறுத்தம் வந்த 7 நாட்களுக்குள் வேறு முகவரிடம் தற்காலிகமாக வேலை பார்க்க அனுமதி கிடைக்க வேண்டும். புதிய தேர்வோ, பழைய முதலாளியின் சம்மதக் கடிதமோ கேட்கக் கூடாது.

6. தீர்ப்பாயம் 30 நாட்களில் கேட்க வேண்டும்.

ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவன் இணைப்புக் கட்டடத்தில் இருக்கும் சென்னை அமர்வில், உரிம நிறுத்தத்துக்கு எதிரான மேல்முறையீடுகளுக்குத் தனிப் பட்டியல் வேண்டும். வரி பாக்கி வழக்கு இரண்டு வருடம் காத்திருந்தால் வட்டி ஏறும், அவ்வளவுதான். உரிம வழக்கு காத்திருந்தால் தொழில் செத்துப்போகும். உறுப்பினர் இடம் காலியானால் அமர்வு நிற்காதபடி அரசு முன்கூட்டியே நியமிக்க வேண்டும்.

7. தவறாக நிறுத்தியதற்கு ஈடு வேண்டும்.

சுங்கச் சட்டத்தின் 155-ஆம் பிரிவு நல்லெண்ணத்தோடு செய்த செயலுக்கு அதிகாரியைப் பாதுகாக்கிறது. நல்லெண்ணத்தைப் பாதுகாக்கட்டும். கெடு முடிந்தது தெரிந்தும் கோப்பை மேசையில் வைத்திருப்பது நல்லெண்ணம் ஆகாது. 1993-லேயே லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம், அலைக்கழித்த பொது ஊழியரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்ற நெறியைச் சொல்லிவிட்டது. நிறுத்தம் செல்லாது என்று தீர்ப்பானால், நின்ற நாட்களுக்கு ஊழியர் சம்பளமும் யார்டில் கட்டிய டெமரேஜும் துறையிலிருந்து முகவருக்குக் கிடைக்க விதியில் வழி செய்ய வேண்டும்.

8. ஒவ்வொரு ஆணையரகமும் ஆண்டுதோறும் கணக்கு வெளியிட வேண்டும்: எத்தனை உரிமங்கள் நிறுத்தப்பட்டன, சராசரி எத்தனை நாட்கள், எத்தனை நிறுத்தங்களைத் தீர்ப்பாயமோ உயர் நீதிமன்றமோ ரத்து செய்தது.

இப்போதே கையில் இருக்கும் வழிகள்

கோரிக்கை நிறைவேறும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. உத்தரவு வந்த முகவர் செய்ய வேண்டியவற்றை, எங்களில் வழக்கு நடத்தியவர்களின் அனுபவத்திலிருந்து இங்கே எழுதுகிறோம்.

கவரைத் தூக்கிப் போடாதீர்கள். அஞ்சல் முத்திரையும் கிடைத்த தேதியும் எல்லாக் கணக்குக்கும் தொடக்கம். உத்தரவில் ஆவண அடையாள எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2019 இறுதியிலிருந்து அது கட்டாயம். அன்றைக்கே எழுத்தில் பதில் அனுப்பி, துறை நம்பியிருக்கும் ஆவணங்களின் நகலையும் குற்ற அறிக்கையையும் கேளுங்கள். 15 நாள் விசாரணைக்கு வாய்மொழியாகப் பேசிவிட்டு வராமல் எழுதிய வாதத்தைக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 17-ஆம் விதி விசாரணையில் எதிர்ச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. அதை எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள்.

நிறுத்தத்தைத் தொடரும் உத்தரவுக்கு எதிராக சுங்கச் சட்டத்தின் 129ஏ பிரிவின் கீழ் 3 மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். அதோடு முன்கூட்டிக் கேட்கும் மனுவையும் போடுங்கள். தீர்ப்பாயத்துக்குப் பிறகு சட்டக் கேள்வி இருந்தால் 130-ஆம் பிரிவின் கீழ் 180 நாட்களுக்குள் உயர் நீதிமன்றம். மேல்முறையீட்டு வழி இருக்கும்போது ரிட் கிடையாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். முழுக்க உண்மையல்ல. 1998-ல் வேர்ல்பூல் வழக்கில் உச்ச நீதிமன்றம், இயற்கை நீதி மீறப்பட்டால், அதிகாரம் இல்லாமல் உத்தரவு வந்தால், அடிப்படை உரிமை பாதிக்கப்பட்டால் அரசியல் சட்டத்தின் 226-ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றம் போகலாம் என்று சொல்லியிருக்கிறது. உங்களைக் கேட்காமலே கெடு ஓடிவிட்டது என்றால் ரிட் வலுவான வழி. உண்மை விவரங்களில்தான் தகராறு என்றால் தீர்ப்பாயமே சரி.

யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பின் லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுக்க நேர்ந்தவர் 7 நாட்களுக்குள் புலனாய்வு அமைப்பிடம் புகார் செய்தால்தான் சட்டம் அவரைக் காக்கும். சி.பி.ஐ.யின் ஊழல் தடுப்புப் பிரிவு சென்னையிலேயே இருக்கிறது.

எங்கள் வட்டாரத்துக்குத் தாமதம் புதிதல்ல. துறைமுகத்தையும் மதுரவாயலையும் இணைக்கும் பறக்கும் சாலைக்கு 2009-ல் அடிக்கல் நட்டார்கள். 2012-ல் வேலை நின்றது. 2022-ல் மறுபடியும் அடிக்கல். சாலை தாமதமானால் சுற்றிப் போக வேறு பாதை இருக்கிறது. உரிமம் நின்றவனுக்கு அப்படி ஒரு பாதை இல்லை. அரசியல் சட்டத்தின் 19(1)(ஜி) தரும் தொழில் உரிமை அவனுக்கும் உரியது.

வாரியத்திடம் நாங்கள் கேட்பது: உரிம விதிகளை அடுத்த முறை திருத்தும்போது, முதல் கோரிக்கையில் உள்ள ஒரு வரியையாவது சேருங்கள். ‘இந்தக் கெடுவுக்குள் நடவடிக்கை எடுக்கப்படாவிட்டால் நிறுத்தம் விலகியதாகக் கருதப்படும்.’ சென்னைச் சுங்க ஆணையர்களிடம் கேட்பது: சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் உங்கள் அலுவலகத்தைக் கட்டுப்படுத்துகின்றன. விதி திருத்தம் வருவதற்கு முன்பே, 90 நாளுக்குள் நோட்டீஸ் தரப்படாத எல்லா நிறுத்தங்களையும் எடுத்துப் பார்த்து விலக்குங்கள். நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்பது: எட்டாவது கோரிக்கையில் உள்ள கணக்கை வரும் கூட்டத்தொடரில் எழுத்துக் கேள்வியாகக் கேளுங்கள். சக முகவர்களிடமும் ஊழியர்களிடமும் கேட்பது: படித்துப் பார்த்து, உடன்பட்டால், உங்கள் உரிம எண்ணையோ கார்டு எண்ணையோ எழுதிக் கீழே கையெழுத்திடுங்கள்.